சூசை அண்ணை கொடுத்த சம்பளம்

எங்கள் ஐஸ் ஹொக்கி கிளப்பில் சூசைதாசனின் பெயர் பாதிப் பேருக்குத் தெரியாது. ஆனால் ஆளைத் தெரியாதவர் ஒருவரும் இல்லை. மற்றப் பெற்றோர் மேலே படிகளில் கம்பளியைப் போர்த்துக்கொண்டு கோப்பி குடிப்பார்கள். இவர் மட்டும் கீழே, வலைக்கு நேர் பின்னால், தடித்த கண்ணாடியில் இரண்டு உள்ளங்கைகளையும் பதித்துக்கொண்டு நிற்பார். வலையைக் காப்பது அவருடைய மகன் ஜெஸ்ரின். அந்தக் கறுப்பு றப்பர் வட்டு கண்ணாடியில் படாரென்று மோதும்போதெல்லாம் சூசைதாசன் குனிவார். கண்ணாடி உடையாது என்று ஒன்பது வருடம் பார்த்தும் மனிதருக்கு நம்பிக்கை வரவில்லை. விளையாட்டின் சட்டம் ஒன்றும் தெரியாது. வட்டு வலைக்குள் போனதா இல்லையா, அவருக்கு அவ்வளவுதான்.

மன்னாரில் இருந்து வந்தவர். இங்கே பார்க்கிங் என்ற ஊரில் ஒரு பெற்றோல் ஷெட்டில் இருபது வருடமாக வேலை. மனைவி மேரிசாந்தி பள்ளிக்கூடக் கன்ரீனில் சமைக்கிறார். ஜெஸ்ரின் எட்டு வயதில் யாரோ ஒரு நண்பனின் பிறந்தநாளுக்குப் பனித்தளத்துக்குப் போனவன், அதற்குப் பிறகு வேறு ஒரு விளையாட்டையும் ஏறெடுத்துப் பார்க்கவில்லை. கிரிக்கெட் என்றால் நம்மவர்களுக்கு விளங்கும், உதைபந்து என்றாலும் விளங்கும். பனியில் வழுக்கிக்கொண்டு தடியால் அடிப்பதை யாருக்குச் சொல்லி விளங்கப்படுத்துவது?

நான் சுவர்ணா. பக்கத்து ஊரான ஃபாரஸ்ட் கேட்டில் ஒரு பலசரக்குக் கடைக்கு மேலே கணக்கு எழுதும் சின்ன அலுவலகம் வைத்திருக்கிறேன். என் மகள் ஓவியா அந்தக் கிளப்பில் ஐந்து வருடம் விளையாடினாள். அவள் யூனிவர்சிட்டிக்குப் போய்விட்டாள், பொருளாளர் பதவி என் கழுத்தில் தொங்கிக்கொண்டு நின்றுவிட்டது. பொருளாளர் என்றால் பெரிய ஆள் என்று நினைக்க வேண்டாம். பனித்தளத்துக்கு ஒரு மணித்தியால வாடகை இருநூறு பவுணுக்கு மேல். அந்தக் காசைப் பதினாறு பிள்ளைகளின் பெற்றோரிடம் மாதம் நூற்றிருபது வீதம் கெஞ்சியும் முறைத்தும் வாங்குவதுதான் என் உத்தியோகம். இரண்டு குடும்பம் விலகினால் அந்த அணி படுத்துவிடும். வலை காக்கிற பிள்ளை விலகினால் அடுத்த நாளே படுத்துவிடும். பெரிய கிளப்புகள் சில, நல்ல இளம் பிள்ளைகளுக்குச் செலவுக்கென்று ஏதோ கொடுப்பதாகக் கேள்வி. நாங்கள் ஒருவருக்கும் ஒரு பென்னி கொடுத்ததில்லை.

நான் கெஞ்சவும் முறைக்கவும் தேவையில்லாத ஒரே ஆள் சூசை அண்ணை. ஒன்றாம் திகதி என்வலப் வந்துவிடும், நோட்டுகள் எல்லாம் ஒரே பக்கம் பார்த்தபடி.

போன ஓகஸ்டில் மாதா திருநாள் முடிந்து கோயில் மண்டபத்தில் சாப்பாடு. அங்கேதான் அவருடைய சகலன், மேரிசாந்தியின் அக்கா புருஷன், சட்டன் என்ற ஊரில் இரண்டு வீடு வைத்திருக்கிறவர், பத்துப் பேருக்கு நடுவில் கேட்டிருக்கிறார்: "உந்த ஐஸ் விளையாட்டில பெடியனுக்கு என்ன வருது?" நம்மவர்கள் இதைக் கூச்சமில்லாமல் கேட்பார்கள். வேலை என்றாலும் விளையாட்டு என்றாலும் முதல் கேள்வி அதுதான். சகலனின் மகன் வங்கியில் வேலை செய்கிறான், அவனுக்கு என்ன வருகிறது என்று ஏற்கெனவே எல்லோருக்கும் சொல்லி முடித்தாயிற்று.

திங்கட்கிழமை மத்தியானம் சூசை அண்ணை என் அலுவலகத்துக்கு வந்தார். ஷெட்டின் சீருடையோடேயே வந்திருந்தார். கதிரையில் இருக்கவில்லை.

"தங்கச்சி, வாய்க்குள்ள நாக்கு சும்மா கிடக்கேல்லை. கிளப் கிழமைக்கு ஐம்பது பவுண் குடுக்குதெண்டு சொல்லிப்போட்டன்."

"ஆருக்குச் சொன்னீங்கள்?"

"மண்டபம் முழுக்கக் கேட்டுது. சாந்தி சந்தோசத்தில அழுதிட்டா. இனி மாத்திச் சொல்ல ஏலாது."

மாற்றிச் சொல்ல முடியாவிட்டால் உண்மையாக்க வேண்டும். அதற்கும் வழி வைத்திருந்தார். கிழமைக்கு ஐம்பது பவுண் அவர் தருவார். நான் அதைக் கிளப் கொடுக்கிற மாதிரி ஜெஸ்ரினிடம் கொடுக்க வேண்டும். "உங்கட கரைச்சலுக்குக் கிளப்புக்கு ஒரு பத்து. எல்லாமா அறுபது" என்று மேசையில் வைத்தார்.

அப்போதே அந்த நோட்டுகளைத் திருப்பி அவர் சட்டைப்பையில் திணித்து, வீட்டுக்குப் போய் உண்மையைச் சொல்லுங்கோ அண்ணை என்று அனுப்பியிருக்க வேண்டும். அனுப்பவில்லை. இரக்கம் என்று வெளியே சொல்லலாம். உள்ளே ஓடிய கணக்கு வேறு. பதினேழு வயதில் பாதிப் பிள்ளைகள் விளையாட்டை விட்டுவிடுவார்கள். காசு வருகிறது என்றால் ஜெஸ்ரின் நிற்பான், அவன் நின்றால் அணி நிற்கும், வாடகை கட்டலாம். அதோடு அந்தப் பத்து. ஒரு ஷெட் வேலைக்காரரின் பொய்யில் கிளப்புக்குக் கிழமைக்குப் பத்துப் பவுண் தரகு வாங்கினேன். இதை எழுதும்போதும் முகம் சுடுகிறது.

அடுத்த பயிற்சி நாளில், உடுப்பு மாற்றும் அறைக்கு வெளியே ஜெஸ்ரினைக் கூப்பிட்டு, கிளப்பின் முத்திரை குத்திய என்வலப்பைக் கொடுத்தேன். கமிட்டியின் தீர்மானம், மற்றப் பிள்ளைகளுக்கோ கோச்சுக்கோ மூச்சு விடக்கூடாது என்றேன். ஒரு பொய்க்கு எத்தனை முட்டு தேவைப்படுகிறது.

"எனக்கா அன்ரி?" என்றான். ஆறடிப் பெடியன். என்வலப்பைத் திறக்காமல் இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு நின்றான்.

அதைத் திறக்கவேயில்லை. முதல் சம்பளத்தை அப்பா அம்மா கையில் கொடுக்க வேண்டும் என்று தாய் சொல்லி வளர்த்திருக்கிறார். இங்கே பிறந்த பிள்ளைக்கு இதெல்லாம் எங்கே ஞாபகம் இருக்கப்போகிறது என்றுதான் நானும் நினைத்தேன். சட்டனில் சகலன் வீட்டில் ஒரு பிறந்தநாள். கேக் வெட்டியதும் ஜெஸ்ரின் எல்லோருக்கும் முன்னால் வந்து, "அப்பா, முதல் சம்பளம்" என்று அந்த என்வலப்பை நீட்டியிருக்கிறான். எல்லோரும் கைதட்டினார்களாம். சகலன் எழுந்து நின்று தட்டினாராம். சூசை அண்ணை தன் காசைத் தானே இரண்டு கையாலும் வாங்கி, மகன் நெற்றியில் சிலுவை போட்டுவிட்டு, பாத்ரூமுக்குள் போய்க் கதவைப் பூட்டிக்கொண்டு அரை மணித்தியாலம் வெளியே வரவில்லை. "தண்ணியைத் திறந்துவிட்டிட்டு இருந்தனான் தங்கச்சி" என்று என்னிடம் சொன்னார். நான் தலையைக் குனிந்துகொண்டு அடுத்த கிழமைக்கான அறுபதை வாங்கினேன்.

அந்தக் காசு திரும்பி அவரிடம் வந்தாலாவது சுற்றிச் சுற்றி ஓடியிருக்கும். மேரிசாந்தி விடவில்லை. பிள்ளையின் உழைப்பு, தொடக்கூடாது என்று என்வலப்புகளைத் திறக்காமலே மாதா சுரூபத்துக்குப் பின்னால் அடுக்கிவிட்டார். அதனால் சூசை அண்ணை ஒவ்வொரு கிழமையும் புதிதாக அறுபது தேட வேண்டியிருந்தது. ஞாயிற்றுக்கிழமை ஷிப்டையும் எடுத்தார்.

ஞாயிற்றுக்கிழமைதான் மட்ச். செப்ரெம்பருக்குப் பிறகு வலைக்குப் பின்னால் அந்தக் கண்ணாடியில் உள்ளங்கைகள் இல்லை. மகனுக்குச் சம்பளம் கொடுப்பதற்காக மகனின் விளையாட்டைப் பார்க்காமல் விட்ட தகப்பனை நான் வேறெங்கும் கண்டதில்லை. ஜெஸ்ரின் ஒவ்வொரு இடைவேளையிலும் முகமூடியைத் தூக்கிவிட்டு ஒருமுறை பின்னால் திரும்பிப் பார்ப்பான். நான் மேலே படியில் இருந்து அதைப் பார்ப்பேன். பார்த்துவிட்டு என் கோப்பியைக் குடிப்பேன்.

பெப்ரவரியில் ஒரு புதன்கிழமை, பயிற்சிக்கு முன்னால் அவனாக வந்து என் பக்கத்தில் இருந்தான். பார்க்கிங்கில் ஒரு மின்சார வேலைக் கொம்பனியில் அவனுக்குச் சம்பளத்தோடு வேலை பழகும் அப்பிரண்டிஸ் இடம் கிடைத்திருந்தது. நூற்றுக்கணக்கான பேரில் நான்கு பேரை எடுத்திருக்கிறார்கள். வெள்ளிக்கிழமைக்குள் சம்மதம் சொல்ல வேண்டும்.

"நான் வேணாமெண்டு சொல்லப்போறன் அன்ரி. அங்க சனிக்கிழமையும் வேலை, பெரிய ரீமின்ர மட்ச் சனியிலதான். கிளப் இப்பவே எனக்குக் காசு தருது. பதினெட்டு முடிஞ்சு பெரிய ரீமுக்குப் போனா கூட்டித் தருவினம்தானே?"

ஏதோ முனகிவிட்டு எழுந்து போய், கார் தரிப்பிடத்தில் நின்று சூசை அண்ணைக்குப் போன் எடுத்தேன்.

"இண்டைக்கே சொல்லுங்கோ அண்ணை. பெடியன்ர சீவியம்."

"கிளப்பிட்டக் காசு முடிஞ்சுதெண்டு நீங்கள் சொல்லுங்கோவன்" என்றார்.

"அப்ப தன்ர விளையாட்டுச் சரியில்லை எண்டெல்லோ அவன் நினைப்பான்."

"நான் சொன்னா என்ர முகத்தில முழிக்க மாட்டான் தங்கச்சி."

நாளைக்கு என் அலுவலகத்துக்கு வாருங்கோ, இரண்டு பேருமாகச் சொல்லுவம் என்றேன். ஜெஸ்ரினையும் நான்கு மணிக்கு வரச் சொன்னேன். ஆனால் அவன் எங்களுக்காகக் காத்திருக்கவில்லை. கூட்டித் தருவார்களா என்று கோச்சிடமே கேட்டுவிட்டான்.

நான்கு மணிக்குப் படியேறி வந்தவனின் முகத்தைப் பார்த்ததும் விளங்கிவிட்டது. தகப்பன் ஏற்கெனவே வந்து ஜன்னலோரம் நின்றார்.

"கிளப் ஒருத்தருக்கும் குடுக்கிறேல்லையாம். கோச் சிரிச்சவர்" என்றான் ஜெஸ்ரின். "அன்ரி, அப்ப இது ஆரின்ர காசு?"

"அப்பான்ர" என்றேன். அந்தப் பத்துப் பவுணைப் பற்றியும் சொன்னேன். சொல்லாமல் விடலாம் என்று ஒரு நிமிடம் மனம் சொன்னது உண்மை.

அவன் என்னைப் பார்க்கவில்லை. தகப்பனைத்தான் பார்த்தான். "நான் அவ்வளவு மோசமாவா விளையாடுறன்?"

"இல்லையப்பு."

"பிறகேன்?"

"ஆக்கள் கேட்டவை" என்றார் சூசை அண்ணை. "என்ன வருதெண்டு கேட்டவை. ஒண்டும் வரேல்லையெண்டு சொல்ல எனக்கு வெக்கமாயிருந்தது."

வெறும் வெட்கம். அதற்குமேல் ஒரு காரணமும் இல்லை. அதைச் சொல்லிவிட்டு அவர் ஷெட்டின் தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டார்.

"ஞாயிற்றுக்கிழமை ஷிப்டும் இதுக்குத்தானா?"

"ஓம்."

ஜெஸ்ரின் அந்தக் கதிரையில் தொப்பென்று இருந்தான். அதற்குப் பிறகு ஆங்கிலத்தில்தான் பேசினான். அவனுக்குத் தாங்காதபோது தமிழ் வராது. கூட்டித் தருவார்களா என்று தான் ஏன் கேட்டான் தெரியுமா என்றான். கிழமைக்கு நூறு வந்தால் அப்பா ஞாயிற்றுக்கிழமை வேலையை விட்டுவிடலாம், திரும்பவும் வந்து கண்ணாடிக்குப் பின்னால் நிற்கலாம் என்று நினைத்தானாம். அதற்காகத்தான் அந்த அப்பிரண்டிஸ் இடத்தை விடப் பார்த்தானாம்.

கீழே கடையில் யாரோ கத்தரிக்காய் விலைக்குப் பேரம் பேசுவது எங்கள் மூன்று பேருக்கும் தெளிவாகக் கேட்டது. சூசை அண்ணை அழுதார். நானும்தான். பெடியன் அழவில்லை. கொஞ்ச நேரத்தில் என் கொம்பியூட்டரைத் தன் பக்கம் திருப்பி, வேலைக்கு வருகிறேன் என்று நான்கு வரி எழுதி அனுப்பினான். போகும்போது கதவடியில் நின்று, "இந்த ஞாயிறு வாங்கோ அப்பா" என்றான். மன்னிப்பதாகச் சொல்லவில்லை.

அன்றைக்கே மனைவிக்கும் சொன்னாராம். மேரிசாந்தி திட்டவில்லை. மாதாவுக்குப் பின்னால் இருந்த என்வலப்புகளை எடுத்து ஒவ்வொன்றாக மேசையில் வைத்தாராம். "இருபத்திரண்டு ஞாயிறு" என்று மட்டும் சொல்லிவிட்டுப் படுக்கப் போனாராம். நானும் கிளப் வாங்கிய பத்துகளுக்காக இருநூற்றிருபது பவுணை என் கைக்காசில் எடுத்துச் சூசை அண்ணையிடம் கொடுத்தேன். சனிக்கிழமை கமிட்டியைக் கூட்டி எல்லாவற்றையும் ஒப்புவித்து, பதவியை விடுகிறேன் என்றேன். மிகவும் கோபித்தார்கள். பிறகு, வேறு யார் பொறுப்பெடுக்கிறீர்கள் என்று நான் கேட்டபோது எல்லோரும் தங்கள் சப்பாத்தைப் பார்த்தார்கள். இன்னும் நான்தான் பொருளாளர். அதுவும் ஒரு தண்டனைதான்.

ஞாயிறு மட்சுக்கு சூசை அண்ணை வந்தார். கண்ணாடிக்குப் போகவில்லை. மேலே கடைசிப் படியில், என் பக்கத்தில், தலையைக் கவிழ்த்துக்கொண்டு இருந்தார். அந்த நாள் பார்த்து சகலனும் சட்டனில் இருந்து வந்து சேர்ந்தார். சம்பளம் வாங்குகிற பெறாமகனின் விளையாட்டைப் பார்க்க வேண்டுமாம். மனைவி, பிள்ளைகள், தெரிந்த இரண்டு குடும்பங்கள் என்று ஒரு கூட்டமே கூட வந்தது.

கீழே ஜெஸ்ரின் வலையடிக்கு வந்து, வழக்கம்போல் முகமூடியைத் தூக்கித் திரும்பிப் பார்த்தான். அந்த இடம் வெறுமையாக இருந்தது. முகமூடியை இறக்கிவிட்டான்.

சகலன் குளிருக்குக் கைகளைத் தேய்த்துக்கொண்டு, எல்லோருக்கும் கேட்கத்தக்கதாகக் கேட்டார்: "என்ன தம்பி, இப்ப கூட்டிக் குடுக்கினமே? கிழமைக்கு எவ்வளவு?"

சூசை அண்ணை எழுந்து நின்றார்.

"அவை ஒண்டும் தாறேல்லை" என்றார். "முந்தியும் தரேல்லை. அது நான் சொன்ன பொய். நான்தான் மாசம் மாசம் நூற்றிருபது பவுண் கட்டி அவனை விளையாட விடுறன்."

சகலனின் முகத்தை அவர் பார்க்கவில்லை. ஒவ்வொரு படியாக இறங்கிக் கீழே போய், வலைக்குப் பின்னால் கண்ணாடியில் இரண்டு உள்ளங்கைகளையும் வைத்துக்கொண்டு நின்றார்.