கீச்சு ஓய்ந்த மதியம்

சலவைக்கூடத்தில் அவளுக்குக் கீச்சு என்று பெயர். அவளுடைய கியர் சைக்கிளின் பின்பக்கத்தில் எலிக்குஞ்சு மாட்டிக்கொண்டது போல ஒரு சத்தம் வரும். பெயர் வைத்தவள் நாத்தனார், கணவனின் அக்கா. இருவருக்கும் ஒரே வீடு, ஒரே வேலையிடம்.

ஆஸ்பத்திரி விரிப்புகளை டிரையரில் உலர்த்துவது கீச்சுவின் பொறுப்பு. மடித்துக் கட்டுவது நாத்தனாரின் பொறுப்பு. ஒவ்வொரு விரிப்புக் கட்டுக்குள்ளும் செருகும் சீட்டில் உலர்த்தியவளின் எண் இருக்கும். அந்த மாதம் இரண்டு முறை விரிப்புகள் ஈர நாற்றத்துடன் திரும்பி வந்தன, இரண்டு முறையும் அவள் எண்ணோடு. மூன்றாவது முறை வந்தால் தொட்டிக்குப் போக வேண்டும் என்று முதலாளி சொல்லிவிட்டார். தொட்டி என்றால் நாள் முழுக்கக் கணுக்கால் அளவு தண்ணீரில் நிற்பது.

கிழிசல் தைப்பவள்தான் விஷயத்தைச் சொன்னாள்.

"மதியம் நீங்க மிஷினைப் போட்டுட்டு வீட்டுக்குப் போறீங்கல்ல. நாப்பது நிமிஷம் ஓடவேண்டியதை உங்க நாத்தனார் இருபத்தஞ்சுலயே திறந்துடுறாங்க. சீக்கிரம் மடிச்சிட்டா ஒரு தூக்கம் போடலாமில்ல. தெருமுனையில உங்க சைக்கிள் கீச்சுங்கிறதுக்குள்ள கட்டெல்லாம் ரெடி."

"முதலாளிகிட்ட வந்து சொல்றியா?"

"அய்ய, என்னை இழுக்காதீங்க அக்கா. எனக்கும் வேலை வேணும்."

மதியம் அவள் வீட்டுக்குப் போவது மாமனாருக்குக் கண்ணில் சொட்டு மருந்து விட. அதாவது நாத்தனாரைப் பெற்ற அப்பாவுக்கு. இதை நினைக்கும்போதெல்லாம் அவளுக்குக் காது மடல் சுட்டது.

ஞாயிற்றுக்கிழமை சைக்கிளைப் பின்கட்டில் தலைகீழாகக் கவிழ்த்தாள். கணவன் எண்ணெய்க் குப்பியோடு வந்து சங்கிலி முழுக்க விட்டான். பெடலைச் சுற்றினாள். கீச்.

"பழசாயிடுச்சு. சத்தம் வந்தா வரட்டுமே, உனக்கென்ன?" என்று உள்ளே போய்விட்டான்.

எனக்கென்னவா என்று முனகிக்கொண்டு, காதைச் சக்கரத்தருகே கொண்டுபோனாள். சத்தம் சங்கிலியில் இல்லை. பின் கியரின் கீழே, தகட்டுக் கூண்டுக்குள் சங்கிலியை இழுத்துப் பிடிக்கும் இரண்டு குட்டிப் பல்சக்கரங்களில் கீழ்ச் சக்கரத்தில் இருந்தது. அறுகோண அலன் கீயால் திருகாணியைக் கழற்றினாள். சக்கரத்தின் நடுத்துளையைச் சுற்றி விரிப்புகளின் பஞ்சு நூல் கறுத்துத் திரிபோல இறுகியிருந்தது. கூடத்து வாசலில் தினம் பறக்கும் பஞ்சு. ஊசியால் பிய்த்து எடுத்தாள். மண்ணெண்ணெயில் கழுவி, துளைக்குள் கிரீஸ் தடவி மாட்டினாள்.

இப்போது கீச்சுக்குப் பதில் கரகரவென்றது. அரைமணி நேரம் விழித்தபின்தான் தெரிந்தது: சங்கிலியைக் கூண்டின் நடுவிலிருக்கும் சின்ன நாக்குக்குத் தவறான பக்கமாக விட்டிருந்தாள். மறுபடி கழற்றி மாட்டினாள். பெடலைச் சுற்றினாள். தண்ணீர் ஓடுவதுபோலக்கூடக் கேட்கவில்லை.

சத்தம் நின்றது காலையிலேயே தெரிந்துவிடக் கூடாதென்று, மறுநாள் கணவனின் ஸ்கூட்டரில் தொற்றிக்கொண்டு போனாள். மதியம் நடந்து வீட்டுக்கு வந்து, சொட்டு விட்டு, சைக்கிளில் திரும்பினாள். ஜன்னல் ஓரமாகப் போகும்போதே டிரையர் கதவு திறந்து கிடப்பது தெரிந்தது. உள்ளே போகவில்லை. நேராக முதலாளி அறைக்குப் போனாள்.

"சார், ரெண்டு நிமிஷம் வாங்க. செருப்பைக் கழட்டிட்டு வாங்க."

"எதுக்கும்மா?"

"பேசாம வாங்க சார்."

இருவரும் வெறுங்காலோடு போய் நின்றார்கள். மிஷினில் பதினைந்து நிமிடம் மீதி காட்டியது. நாத்தனார் கட்டு ஒன்றில் சீட்டைச் செருகிக்கொண்டிருந்தாள். முதலாளி பின்னாலிருந்து கை நீட்டி விரிப்பைத் தொட்டுப் பார்த்தார். விரல்களைச் சட்டையில் துடைத்துக்கொண்டார்.

நாத்தனார் அவரைப் பார்க்கவில்லை, இவளைத்தான் பார்த்தாள்.

"நீ எப்ப வந்தே?"

"இப்பதான் அண்ணி. உங்க அப்பாவுக்கு ரெண்டு கண்ணுலயும் ரெண்டு ரெண்டு சொட்டு விட்டுட்டு வந்தேன்."

அன்று சாயங்காலமே தொட்டிப் பக்கம் ஆள் மாறியது. வீட்டில் கணவன் மெல்ல ஆரம்பித்தான்.

"வீட்டுக்குள்ளயே பேசி முடிச்சிருக்கலாம்."

"உங்ககிட்ட ரெண்டு தடவை பேசினேன். சாட்சி இருக்கான்னு கேட்டது நீங்கதான். கூட்டிட்டு வந்தேன்."

அவன் தட்டைக் கழுவப் போனான்.

அடுத்த ஞாயிறும் அவள் சைக்கிளைக் கவிழ்த்தாள். நாத்தனார் படியில் உட்கார்ந்து, தண்ணீரில் ஊறி வெளுத்துச் சுருங்கிய பாதங்களுக்கு எண்ணெய் தேய்த்துக்கொண்டிருந்தாள். ஏதாவது கேட்க வேண்டுமே என்பதுபோல் கேட்டாள்.

"அதான் சத்தம் போயிடுச்சே. இன்னும் என்னத்தைக் கழட்டுறே?"

"பஞ்சு மறுபடி சேரும் அண்ணி."

பெடலைப் பின்பக்கமாகச் சுற்றிக் காதைக் கொடுத்துக் கேட்டாள். ஒன்றுமில்லை. இருந்தாலும் இன்னும் கொஞ்சம் கிரீஸ் தடவினாள்.