தண்ணீரை முந்தி ஓடிய காலை

கேமராவின் லென்ஸை இடது கையால் தாங்க வேண்டும். என் இடது கை எப்போதும் மகனைத் தாங்கிக்கொண்டிருக்கும். அதனால் அவன் பிறந்த அந்த ஒரு வருஷத்தில் நான் எடுத்த படங்களில் தென்னை மரம், கோயில் கோபுரம், பால்காரரின் வண்டி எல்லாமே கொஞ்சம் சாய்ந்து நிற்கும்.

என்ஜினீயரிங் முடித்து, சென்னையில் வேலைக்குச் சேர்ந்ததும் ஆசைப்பட்டு வாங்கிய கேமரா அது. கல்யாணமாகிக் குடவாசல் பக்கம் வந்தபோது புடவைகளுக்கு நடுவே சுற்றிக் கொண்டுவந்தேன். "குழந்தை குட்டின்னு ஆனா எடுக்க உதவும்" என்றார் மாமியார். உதவியது. வீட்டில் குழந்தைப் படங்கள் ஆயிரக்கணக்கில் கிடக்கின்றன. நான் எடுக்க நினைத்த ஒரு படம் மட்டும் வருஷக்கணக்கில் கிடைக்கவில்லை.

மேட்டூரில் அணை திறந்தாலும் கடைமடையில் இருக்கும் எங்கள் ஊர் வாய்க்காலுக்குத் தண்ணீர் வந்து சேர நாள் ஆகும். கோடை முழுக்க வெடித்துக் கிடந்த தரை, வருகிற தண்ணீரையெல்லாம் குடித்துவிடும். முதல் தண்ணீர் நாக்கு மாதிரி நீளும். ஒரு வெடிப்பை நிரப்பும், நிற்கும், பிறகு ஓரடி நகரும். அதன் முன்னால் நுரையும் வைக்கோலும் பிளாஸ்டிக் டம்ளரும் உருண்டு வரும். வெடிப்புகளிலிருந்து பூச்சிகள் கிளம்பும். அவற்றைக் கொத்திக்கொண்டே கொக்குகள் தண்ணீருக்கு முன்னால் நடந்து வரும். கல்யாணமான வருஷம் இதை வெறும் கையோடு பார்த்தேன். வாய்க்கால் தரையில் படுத்து, தண்ணீர் என் முகத்துக்கு நேரே வருவதை எடுக்க வேண்டும் என்று அன்றைக்கே தீர்மானித்தேன்.

வருஷத்துக்கு ஒரு நாள், அதிலும் சில நிமிஷங்கள். அடுத்த வருஷம் பிரசவத்துக்குத் தாய்வீட்டில் இருந்தேன். அதற்கடுத்த வருஷம் பால் குடிக்கிற பிள்ளை. பிறகு மகளுக்கு அம்மை போட்டது. அம்மை கண்ட வீட்டிலிருந்து யாரும் வெளியே போகக் கூடாது. அதற்குப் பிறகு மகன் வயிற்றில் ஏழு மாதம். தரையில் குப்புறப் படுப்பது எப்படி?

அடுத்த வருஷம் கணவருக்கு ஓசூருக்கு மாற்றல் வந்தது. ஆடியில் எங்கள் பக்கம் வீடு மாற மாட்டார்கள். ஆனி முடிவதற்குள் சாமான் ஏற்றியாக வேண்டும். அதற்குள் தண்ணீர் வந்தால் உண்டு, இல்லாவிட்டால் இல்லை.

மதகு திறந்து மூடுகிற லஸ்கருக்குத் தினமும் போன் செய்தேன்.

"அண்ணே, தண்ணி எங்க வருது?"

"இன்னும் மேல் மதகே தாண்டலம்மா. உங்க மாமனார் இருந்தப்பகூட இப்படிக் கேட்டதில்ல. எத்தனை மா நிலத்துல நாத்து நடப் போறீங்க?"

"நாங்க நடலண்ணே, நிலம் குத்தகையில கெடக்கு. போட்டோ எடுக்கணும்."

"தண்ணியையா?" என்றார்.

ஒருநாள் மாலை அவரே கூப்பிட்டார். நாளைக் காலை எட்டு, எட்டரைக்குள் வந்துவிடும். மாமியார் சீர்காழிக்கு ஒரு வளைகாப்புக்குப் போயிருந்தார். கணவர் ஓசூரில் வீடு பார்த்துக்கொண்டிருந்தார். நாலு வயது மகள், பத்து மாத மகன், நான். யாரிடமாவது விட்டுவிட்டுப் போகலாம் என்றால் ஊரே வாய்க்காலில் இருக்கும்.

ஏழரைக்கே போய்விட்டேன். மதகுப் பாலத்தில் ஏழெட்டுப் பெண்கள் தாம்பாளத்தோடு நின்றிருந்தார்கள். மதகுப் பலகைக்கும் பாலத்துக் கட்டைச் சுவருக்கும் சந்தனம், குங்குமம் வைத்து, தண்ணீர் வந்ததும் பூவும் நெல்லும் தூவுவது வழக்கம்.

"இடுப்புல ஒண்ணு, கையில ஒண்ணு, கழுத்துல ஒண்ணு" என்றார் எதிர்வீட்டு அக்கா. "மூணு புள்ளக்காரி ஆயிட்ட நீ."

"தண்ணிக்கு ஆதார் எடுக்கப் போறாளாம்" என்றார் இன்னொருவர். எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன்.

எட்டரை போயிற்று, ஒன்பதரை போயிற்று. வெயில் ஏறியது. கொண்டுபோன பிஸ்கட் தீர்ந்தது. மகன் என் தோளைக் கடித்தான். மகள் ஒன்பதாவது முறையாக "எப்பம்மா வரும்?" என்றாள். பத்து மணிக்கு மேல், தூரத்து வளைவில் கொக்குகள் தெரிந்தன. வேகம், வெளிச்சம், ஃபோகஸ் எல்லாவற்றையும் சரிசெய்து, லென்ஸ் மூடியைக் கழற்றிப் பையில் போட்டேன். இறங்க வேண்டியதுதான் பாக்கி.

அந்த நேரம் பார்த்து மகன் ஆய் போனான். கேமராவைக் கட்டைச் சுவரில் நிமிர்த்தி வைத்துவிட்டு அவனைத் துடைத்தேன். ரெண்டு நிமிஷம்கூட இருக்காது.

கேமராவைத் தூக்கிக் கண்ணில் வைத்தேன். எல்லாம் ஆரஞ்சாக இருந்தது.

லென்ஸின் நட்டநடுவில் குழைத்த சந்தனம், அதன்மேல் குங்குமம். எங்கள் வீட்டில் ஆயுதபூஜைக்கு மிக்ஸி, பைக், லேப்டாப் என்று எதையும் விடாமல் பொட்டு வைப்போம். அதைப் பார்த்தே வளர்ந்தவள் மகள். வட்டமாக இருந்ததால் லென்ஸைத்தான் முகம் என்று நினைத்திருக்கிறாள்.

"எல்லாத்துக்கும் வச்சாங்கம்மா. இதுக்கு மட்டும் யாரும் வைக்கல. அதான் நான் வச்சேன்" என்றாள்.

அவளை அறைந்தேன். அதுவரை நான் அவளை அடித்ததே இல்லை. அவள் அழவில்லை. சந்தனம் ஒட்டிய விரல்களை அப்படியே நீட்டிக்கொண்டு என்னைப் பார்த்தாள்.

துப்பட்டாவால் துடைத்தேன், இன்னும் பரவியது. பால் புட்டியில் வைத்திருந்த வெந்நீரை ஊற்றி, மகனின் துணியால் மறுபடி துடைத்தேன். அதற்குள் பாலத்துக்கு அடியில் தண்ணீர் போய்க்கொண்டிருந்தது. பெண்கள் குலவையிட்டார்கள். என்னைச் சுற்றிப் பூ விழுந்தது.

எதிர்வீட்டு அக்கா திரும்பிப் பார்த்தார். "அடிச்சியா? சாமிக்கு வைக்கிறத வச்சுது. அதுக்கு என்னடி தெரியும்?"

"அக்கா, இவளக் கொஞ்சம் பாத்துக்குங்க" என்றேன்.

முதல் தண்ணீர் மெதுவாகத்தான் போகும். ஓடினால் முந்திவிடலாம். மகனை இடுப்பில் இறுக்கிக்கொண்டு கரையோடு ஓடினேன். பின்னால் அப்போதுதான் அவள் அழ ஆரம்பித்தாள். "அம்மா, நானும். அம்மா, நானும்." நான் திரும்பவில்லை. செருப்பு ஒன்று கழன்றது. அதற்கும் நிற்கவில்லை.

அடுத்த பாலத்துக்கு முன்னால் இறங்கி, காய்ந்த தரையில் மகனை உட்கார வைத்து, இடது முழங்கையால் அவனை வளைத்துக்கொண்டு படுத்தேன். தண்ணீர் வருகிற திசையில்தான் அவள் குரலும் கேட்டது. அக்காவின் கையை உதறிவிட்டு இவள் ஓடி வந்து என் படத்துக்குள் நுழைந்துவிடக் கூடாதே என்று நினைத்தேன். வாய்க்காலில் தண்ணீர் வருகிறது, அவளுக்கு நாலு வயது என்றுதான் நான் நினைத்திருக்க வேண்டும். எனக்குப் படம்தான் நினைப்பில் இருந்தது. அதை இப்போதும் வேறு மாதிரி சொல்ல முடியவில்லை.

பதினோரு படங்கள் எடுத்தேன். முழங்கையில் ஈரம் பட்டதும் மகனைத் தூக்கிக்கொண்டு ஏறினேன்.

திரும்பி வந்தபோது மகள் அக்காவின் பக்கத்தில் கட்டைச் சுவரில் உட்கார்ந்திருந்தாள். அழுகை நின்றிருந்தது. அக்கா என்னைப் பார்க்காமல் அவள் முடியை ஒதுக்கிவிட்டுக்கொண்டே இருந்தார்.

"கை கழுவிட்டேம்மா" என்றாள் மகள்.

அன்று மதியம் பிள்ளைகள் தூங்கும்போது லேப்டாப்பில் பார்த்தேன். பத்துப் படங்கள் மங்கல். ஒன்றில் எல்லாம் கூடியிருந்தது. ஒரு காலைத் தூக்கி நிற்கும் கொக்கு, வெடிப்புக்குள் சரியும் தண்ணீரின் விளிம்பு, அதன்மேல் வெயில். ஒரு மூலையில் துடைத்தும் போகாத சந்தனம் லேசான மஞ்சளாக. அது இருந்தும் படம் கெடவில்லை. நான் எடுத்ததிலேயே நல்ல படம் அதுதான். கணவருக்கு அனுப்பினேன். "பிரமாதம். எங்கயாவது போட்டிக்கு அனுப்பு" என்றார். அறைந்ததை அவரிடம் சொல்ல ஒரு வாரம் ஆயிற்று. படத்தை வேறு யாருக்கும் அனுப்பவில்லை. ஆனால் அழிக்கவும் இல்லை. அடிக்கடி எடுத்துப் பார்க்கிறேன்.

ஓசூருக்கு வந்து எட்டு மாதமாகிறது. கேமராவை விட்டுவிடலாம் என்று அலமாரியின் மேல்தட்டில் வைத்துப் பார்த்தேன். இருபது நாள்கூடத் தாங்கவில்லை, இறக்கிவிட்டேன். இப்போது நான் பையின் ஜிப்பைத் திறக்கிற சத்தம் கேட்டால், எந்த அறையில் இருந்தாலும் மகள் வந்துவிடுகிறாள். நான் எதுவும் கேட்பதில்லை. அவளாகவே இரண்டு உள்ளங்கைகளையும் விரித்துக் காட்டிவிட்டு, விளையாடப் போய்விடுகிறாள்.