ஈரல் சுருங்கும்வரை விருந்து இல்லை

முதல் தடவை கொழும்பிலிருந்து என்னைத் திருப்பி அனுப்பியதற்குக் காரணம், தேங்காய்ப்பாலும் கருப்பட்டியும் முட்டையும் சேர்த்து அவிக்கிற வட்டிலப்பம். வைத்தியர் அப்படிச் சொல்லவில்லை. ஈரல் கொழுத்துக் கிடக்கிறது, அதைத் தாண்டி இரைப்பையை எட்ட முடியாது, கத்தி வைக்க மாட்டேன் என்றார். ஆனால் எந்தெந்த வீட்டு வட்டிலப்பம் என்பதுவரை எனக்குத் தெரியும்.

உடம்பைக் குறைக்கும் சத்திரசிகிச்சை அது. இரைப்பையின் பெரும்பகுதியை வெட்டி எடுத்துவிடுவார்கள். அதற்கு முன் ஈரல் சுருங்க வேண்டும் என்று இரண்டு கிழமை, பதினாலு நாளும், குடிக்கிற ஆகாரம் மட்டும்தான். எங்கள் ஊர் தாராபுரத்தில் சனத்துக்கு இது வேறு மாதிரி விளங்கிவிட்டது. ஹஜ்ஜுக்குப் போகிறவர்களை வீட்டுக்கு வீடு கூப்பிட்டு விருந்து வைத்து, பிழை பொறுக்கச் சொல்லிக் கேட்டு அனுப்புவோமே, அதையே எனக்கும் செய்தார்கள். "இனி அவவுக்கு ரெண்டு வாய்க்கு மேல இறங்காதாம், பாவம்" என்று தொடக்கிவைத்தவர் என் ராத்தா, மூத்த சகோதரி. ஆறு வீட்டில் சாப்பிட்டேன். மறுத்தால் மனம் நோவார்களாம்! என் ஈரல் பட்ட பாடு யாருக்குத் தெரிந்தது?

எனக்கு அழகு தேவைப்படவில்லை. எங்கள் கல்யாண வீடுகளில் ஆறு பேர் பாயில் வட்டமாக இருந்து, சஹன் என்கிற ஒரே பெரிய தட்டில் கைபோட்டுச் சாப்பிடுவார்கள். உடம்பின் பாரத்தில் என் முழங்கால் மடங்காததால் நாலு வருஷமாக எனக்கு மட்டும் மூலையில் ஒரு கதிரை, தனிப் பீங்கான் தட்டு. "டீச்சருக்குக் கதிரை போடுங்கோ!" என்று யாராவது கத்துவார்கள். மரியாதை என்று நினைத்துத்தான் கத்துவார்கள். எனக்குப் பற்றிக்கொண்டு வரும். தொழுகையும் கதிரையில்தான். அதை நினைத்து அழுதிருக்கிறேன்.

இரண்டாம் முறை நாள் கிடைத்தபோது, இந்த முறையும் ஈரல் இப்படியே இருந்தால் இனி வரவேண்டாம் என்று வைத்தியர் கண்டிப்பாகச் சொல்லிவிட்டார். வெள்ளிக்கிழமை ராத்தா வீட்டில் எல்லாரும் கூடியிருந்த நேரம் பார்த்து நான் வாயைத் திறந்தேன்.

"ரெண்டு கிழமைக்கு ஒருத்தரும் என்னைச் சாப்பிடக் கூப்பிடக் கூடாது. கூப்பிட்டா வருவன், வந்து சண்டை பிடிப்பன்."

ராத்தாவுக்கு முகம் சுருங்கிவிட்டது. "என்ட கையால ஒரு வாய் திண்டா உன்ட ஈரல் என்ன வெடிச்சிருமா?"

"போன முறை வெடிக்காத குறைதான் ராத்தா."

முதல் மூன்று நாளும் ஒரே தலையிடி. வகுப்பில் பிள்ளைகள்மேல் எரிந்து விழுந்தேன். பக்கத்து வீட்டில் மீன் பொரித்தால் எழும்பிப் போய் யன்னலைச் சாத்தினேன். ஐந்தாம் நாள் பசி அடங்கிவிட்டது. நான் வென்றுவிடுவேன் என்று அப்போதே தெரிந்தது.

ஒன்பதாம் நாள் ராத்தா மூடிய பாத்திரத்தோடு வாசலில் வந்து நின்றார். எனக்கு எங்கிருந்துதான் அவ்வளவு கோபம் வந்ததோ! "திறக்காதீங்கோ. அப்படியே திருப்பிக் கொண்டு போங்கோ."

அவர் மூடியை எடுத்தார். கோழி எலும்பை அவித்து, மேலே மிதந்த எண்ணெயை அள்ளி எறிந்து, துணியில் வடித்த சூப். பாத்திரத்தின் அடி தெரியும் அளவுக்குத் தெளிந்திருந்தது.

"ஆஸ்பத்திரிக்குப் போன் எடுத்து, கேட்டுத்தான் செஞ்சனான். மூண்டு தரம் வடிச்சன்."

எனக்கு வெட்கமாகப் போய்விட்டது. மீதி நாட்களும் அவர்தான் கொண்டுவந்தார். கொழும்புக்கும் அவர்தான் கூட வந்தார்.

வைத்தியர் ஸ்கேனைப் பார்த்து, நன்றாகச் சுருங்கியிருக்கிறது, நாளைக் காலையில் செய்துவிடலாம் என்றார். நான் "அல்ஹம்துலில்லாஹ்!" என்று போட்ட சத்தத்தில் தாதி திடுக்கிட்டுத் திரும்பினார்.

கட்டிலருகே வந்து ராத்தா என் கையைப் பிடித்துக்கொண்டார். பயணம் போகிறவர்களிடம் எல்லாரும் வழக்கத்துக்குக் கேட்பதுதான். ஆனால் அவர் அழுதுகொண்டே கேட்டார்.

"போன முறை உன்னைத் திருப்பி அனுப்பினது நான்தான். பிழை பொறுத்துக்கொள்."

"இப்ப பொறுக்க மாட்டன். சுகமாகி வந்து, சஹனில உங்களுக்குப் பக்கத்தில இருக்கேக்க கேளுங்கோ."

கண்ணைத் துடைத்துக்கொண்டு என்னை ஏற இறங்கப் பார்த்தார். "வந்து என்ன, ரெண்டு வாய்தானே சாப்பிடுவாய்?"

"ஓம். ரெண்டு வாய்தான். ஆனா பாயில இருந்து."