அவரை நான் இறக்கிய நாள்

என் வீட்டுக்காரர் மரம் ஏறிக் கிளை கழிப்பவர். நான் கீழே நின்று கயிறு பிடிப்பவள். திருத்தங்கல் பக்கம் கம்பெனிக் கூரை, அச்சகக் கூரை, வீட்டு மாடி என்று எங்கே கிளை சாய்ந்தாலும் எங்களைத்தான் கூப்பிடுவார்கள்.

அதற்கு முன்னால் நான் பட்டாசுக் கம்பெனியில் திரி வைத்துக்கொண்டிருந்தேன். அங்கே ஒரு நாள் தீப்பிடித்ததில் வலது கை வெந்துபோனது. காயம் ஆறிய பிறகும் கடைசி இரண்டு விரல்கள் மடங்கவில்லை. "இனிமே அங்கன போக வேண்டாம். என்கூட வா" என்று அவர்தான் கூட்டிப்போனார்.

அப்போது எங்களிடம் இருந்தது வெறும் நைலான் கயிறு. ஒரு முனை அவர் இடுப்பில். நடுக்கயிறு உச்சியில் கிளை பிரிகிற கவையில். மறு முனையை அடிமரத்தில் இரண்டு சுற்று சுற்றி நான் பிடித்திருப்பேன். ஒருமுறை புளியமரத்தில் அவர் கால் வழுக்கியது. கயிறு என் உள்ளங்கையை உரித்துக்கொண்டு ஓடியது. நாலடி இறங்கி ஒரு கிளையில் மோதி நின்றார். விலாவெல்லாம் சிராய்ப்பு. என்னை ஒரு வார்த்தை சொல்லவில்லை. நான் முந்தானைக்குள் ஒளித்து வைத்திருந்த கையை இழுத்துப் பார்த்துவிட்டு, "மதுரைக்குப் போயி நல்ல சாமான் வாங்குவோம்" என்றார்.

மதுரையில் ஹெல்மெட், கையுறை, பெல்ட் எல்லாம் விற்கிற கடை. கயிறு பிடிக்க இரண்டு சாமான்களைக் கடைக்காரர் எடுத்துப்போட்டார். ஒன்று எட்டு மாதிரி இருக்கிற வளையம். இன்னொன்று கைப்பிடி வைத்த லாக்.

கடை மாடியில் ஒரு இரும்பு உத்தரம் இருந்தது. அதில் கயிற்றைப் போட்டு அவரைத் தொங்கவிட்டோம். முதலில் வளையத்தை என் கையில் கொடுத்தார்கள். விரல் பிடி கொடுக்கவில்லை. கயிறு சர்ரென்று ஓட, அவர் பின்புறம் அடிபட உட்கார்ந்தார். கடைக்காரரே சிரித்துவிட்டார். அடுத்தது லாக்.

"இப்ப ரெண்டு கையையும் விடுங்கம்மா" என்றார் கடைக்காரர்.

"மாட்டேன்."

"சும்மா விடு" என்று மேலேயிருந்து சொன்னார் இவர்.

விட்டேன். அவர் அந்தரத்தில் அப்படியே நின்றார். கைப்பிடியை இழுத்தால் மெல்ல இறங்கினார், விட்டால் நின்றார். எனக்கு அழுகை வந்துவிட்டது.

அடுத்து, மரத்தைச் சுற்றி இடுப்போடு கட்டுகிற கயிற்றுக்கு ஒரு அட்ஜஸ்டர் வேண்டும். ஒன்று பல் வைத்தது; கனம் ஏறினால் கயிற்றைக் கடித்துக்கொள்ளும், கனம் இறங்காமல் தளர்த்த முடியாது. மற்றதில் ஒரு நெம்பு இருந்தது. ஆள் தொங்கும்போதே அழுத்தித் தளர்த்தலாம். பல் வைத்தது லேசாக இருக்கிறது, அதுவே போதும் என்றார் இவர்.

"மேல உங்களுக்கு மயக்கம் வந்தா எப்படிக் களட்டுறது?"

"நீ எங்க மேல வரப்போற?" என்று சிரித்தார். ஆனாலும் நான் சொன்னதைத்தான் எடுத்தார்.

மூன்று வருஷம் ஒரு சிராய்ப்பு இல்லாமல் ஓடியது. தினமும் காலையில் கயிறு முழுவதையும் கையில் உருவிப் பார்த்துவிட்டுத்தான் கிளம்புவேன்.

அந்த ஆவணி மாதம், அச்சகம் ஒன்றின் தகரக் கூரைமேல் சாய்ந்த வேம்பு. காலண்டர் சீசன், உள்ளே மெஷின் ஓடிக்கொண்டே இருந்தது. காலையிலேயே இடது தோள் கடுக்கிறது என்றார். முந்தின நாள் ரம்பம் இழுத்தது என்று நானும் தைலம் தேய்த்துவிட்டேன். இரண்டு கிளை இறக்கினார். மூன்றாவதைப் பாதி அறுத்திருப்பார். ரம்பம் கைநழுவி அதன் கயிற்றில் தொங்கியது. நிமிர்ந்து பார்த்தேன். தலை நெஞ்சில் கவிழ்ந்திருந்தது.

"ஏங்க!" என்று கத்தினேன்.

லாக்கை அடிமரத்தில் கட்டியிருந்தோம். கயிற்றை விட்டுவிட்டு அச்சகத்துக்குள் ஓடினேன். மெஷினை நிறுத்தி எல்லாரும் ஓடிவந்தார்கள், ஏணி வந்தது, யாரோ ஆம்புலன்சுக்குப் போன் போட்டார்கள். ஒருவர் ஏறப்போனார். இடுப்புக் கயிறு, மேல்கயிறு இரண்டுமே பெல்ட்டில் கிளிப் போட்டு மாட்டியிருக்கும்; எந்தக் கிளிப்பைக் கழற்றுவது என்று அவருக்குத் தெரியாது. மாற்றிக் கழற்றினால் ஆள் தரையில் கிடப்பார். அதனால் நானே சேலையை வரிந்து கட்டிக்கொண்டு ஏறினேன்.

கண் பாதி திறந்திருந்தது. வேர்வை சில்லென்றிருந்தது. காதருகே கூப்பிட்டுப் பார்த்தேன். இடது கையால் நெம்பை அழுத்த, இடுப்புக் கயிறு தளர்ந்து, அவர் கனம் மேல்கயிற்றுக்கு மாறியது. தலை என் தோளில் சாய்ந்தது. கிளிப்பைக் கழற்றிவிட்டு இறங்கி, லாக்கின் கைப்பிடியை இழுத்தேன்.

"சீக்கிரம்க்கா, சீக்கிரம்!" என்று சத்தம் போட்டார்கள். என் கைக்கு வேகமாக இறக்கத் தெரியவில்லை. மூன்று வருஷமாக அவரை எப்படி இறக்கினேனோ அப்படியேதான் இறக்கினேன். இரண்டு பேர் தாங்கி வாங்கினார்கள்.

ஆஸ்பத்திரியில் டாக்டர், மரத்திலேயே இதயம் நின்றிருக்கும் என்றார்.

சாவு வீட்டில் துட்டி கேட்க வந்தவர்கள் எல்லாரும் ஒன்றையே கேட்டார்கள். "கயிறு அந்துருச்சா? எம்புட்டு ஒசரத்துல இருந்து விழுந்தாக?" விழவில்லை என்றேன். யாரும் நம்பிய மாதிரி தெரியவில்லை. விசாரணைக்குக் கயிறு, பெல்ட் எல்லாவற்றையும் எடுத்துப்போன ஏட்டய்யா, பிறகு என்னைக் கூப்பிட்டு எப்படி வேலை செய்கிறது என்று காட்டச் சொன்னார். ஸ்டேஷன் ஜன்னல் கம்பியில் கட்டிக் காட்டினேன். "சாமான்ல ஒரு குறையும் இல்லம்மா" என்று எல்லாவற்றையும் திருப்பிக் கொடுத்தார். ஆறுதலுக்குத்தான் சொன்னார். அங்கேயே உட்கார்ந்துவிட்டேன். கயிற்றில் ஒரு நூல் பிரிந்திருந்தால் எனக்குத் தெரியும். தோள் கடுக்கிறது என்று வாய்விட்டுச் சொன்ன மனுஷனைத் தைலம் தேய்த்து மரமேற்றி அனுப்பினேன்.

பதினாறாம் நாள் கழிந்து அவரோடு முன்பு வேலை செய்த ஒரு தம்பி வந்தார். பாதி அறுத்த கிளை கூரைமேல் விழுகிற மாதிரி தொங்குகிறது, அச்சகத்தில் இந்தத் தம்பியைக் கூப்பிட்டிருக்கிறார்கள். கயிறு பிடிக்க ஆள் இல்லை.

"மதினி, சாமான மட்டும் குடுத்தாப் போதும். நீங்க வர வேண்டாம்."

"இத யாரு பிடிப்பா? எனக்குத்தான பழக்கம்" என்று நானும் கிளம்பினேன்.

அந்த வேம்படியில் கயிற்றை இன்னொரு முறை உருவிப் பார்த்துவிட்டு லாக்கைக் கட்டினேன். தம்பி ஏறினார். கிளை இறங்கும்வரை நான் கண்ணை எடுக்கவில்லை. வேலை முடிந்ததும், "மதினி, இறக்குங்க" என்று குரல் கொடுத்தார். இறக்கினேன். பெல்ட்டைக் கழற்றும்போது அவர் என் முகத்தைப் பார்க்காமல், "அடுத்த வாரம் சூலக்கரையில ஒரு மரம் இருக்கு. வாரீகளா?" என்று கேட்டார்.

வருகிறேன் என்றேன். பஸ் ஸ்டாப்பில் வெயில் அடித்தது. கயிற்றுப் பையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.