டேப்பில் ஒட்டிய ஊசிமுனை

நாகஜோதிக்கும் கணக்குப் பாடத்துக்கும் ஒருநாளும் ஆகவில்லை. பத்தாம் வகுப்பில் இருபத்திரண்டு மார்க். மறுபடி எழுதியதில் பத்தொன்பது. அருப்புக்கோட்டைப் பக்கமிருந்து பிழைக்க வந்து, வேலம்பாளையத்தில் ஒரு பனியன் கம்பெனியில் பன்னிரண்டு வருஷம் ஓவர்லாக் மெஷினில் துணி ஓரம் தைத்தாள். தைத்தாள் என்பதைவிட மெஷினோடு மல்லுக்கட்டினாள் என்பதே சரி. மெக்கானிக் வரும்வரை கையைக் கட்டி உட்கார அவளுக்குப் பொறுமை கிடையாது. ஸ்குரூ டிரைவரை எடுத்துத் தானே திறந்துவிடுவாள், திட்டும் வாங்குவாள். ஆனால் மெஷின் ஓடும்.

2006-ல் கம்பெனி மெக்கானிக் பங்களாதேஷ் வேலைக்குப் பறந்துவிட்டார். “போய்க் கேளுடி, உனக்கென்ன கொறச்சல்?” என்று பிடித்துத் தள்ளியவள் பக்கத்து மெஷின் ராமுத்தாய். முப்பத்திரண்டு வயதில் மார்க் ஷீட்டோடு முதலாளி ஆறுச்சாமியின் முன் போய் நின்றாள் நாகஜோதி. அவர் மார்க் ஷீட்டைப் பார்த்தார், அவளைப் பார்த்தார், மறுபடி மார்க் ஷீட்டைப் பார்த்தார்.

“டிப்ளமா படிச்ச பசங்களே திணறுறாங்கம்மா. செரி, ஒரு வாரம் பாரு. சனிக்கெழமை சாயங்காலம் சொல்றேன். ஆகலீன்னா பழையபடி தையலுக்கே போயிரோணும்.”

அந்தச் சனிக்கிழமை மூன்று மணிக்கு ராமுத்தாயின் மெஷினில் ஊசி முறிந்தது.

தைப்பது கைக்குழந்தைகளின் பனியன். ஊசி முறிந்தால் எல்லாத் துண்டும் கிடைத்தாக வேண்டும். துண்டுகளைச் சேர்த்து ரிஜிஸ்டரில் டேப் போட்டு ஒட்டி, மெக்கானிக் கையெழுத்துப் போட்ட பிறகுதான் புது ஊசி. முனை காணவில்லை என்றால் அந்த மெஷின் வரிசை மொத்தமும், லைனே நிற்கும்.

ராமுத்தாய் இரண்டு துண்டுகளை நீட்டினாள். உள்ளங்கையில் வைத்துப் பொருத்திப் பார்த்தாள் நாகஜோதி. பொருந்தவில்லை. மேல்துண்டு மெல்லிசு, முனை தடிப்பு. முனையில் பழைய டேப்பின் பிசுபிசுப்பு வேறு.

இந்த வித்தை அவளுக்குத் தெரியாததா? டைலர்கள் பலரும் மெஷின் பலகைக்கு அடியில் டேப்பில் ஒன்றிரண்டு பழைய முனைகளை ஒட்டி வைத்திருப்பார்கள். முனை தொலைந்தால் தேடித் திட்டு வாங்காமல் அதில் ஒன்றை எடுத்துக் கொடுத்துவிடுவார்கள்.

“அக்கா, இது இந்த ஊசியோட மொனை இல்ல.”

“தெரியுதுல்ல? பேசாம ஒட்டு. அஞ்சு மணிக்குத் தூத்துக்குடி ஹார்பருக்கு லாரி. இன்னைக்கு லைன் நின்னா ஒனக்கு மெக்கானிக் வேலையும் இல்ல, எனக்கு எந்த வேலையும் இல்ல.” பிறகு குரலை இறக்கி, “நீ செய்யாததையா நான் செஞ்சுட்டேன்?” என்றாள்.

நாகஜோதி பேனாவைத் திறந்தாள், மூடினாள். ஒரு கையெழுத்துப் போட்டால் வேலை கைக்கு வந்துவிடும். ஆனால் ஏதோ ஒரு பனியனுக்குள் அந்த முனை இருக்கிறது. அதைப் போட்டுக்கொள்ளப்போகும் பிள்ளைக்கு அழ மட்டும்தான் தெரியும். அவளுக்குப் பயமாக இருந்தது. போய் லைனின் மெயின் சுவிட்சை அணைத்துவிட்டாள்.

“யாரக் கேட்டு ஆஃப் பண்ணுன?” என்று பாய்ந்து வந்தார் சூப்பர்வைசர் தங்கராஜ்.

“மொனை காணோம் சார்.”

ராமுத்தாய் முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

மெஷினைப் பிரித்து ஆயில் தட்டு வரை துழாவினாள். இல்லை. சுற்றிக் கிடந்த பண்டல்களில் முந்நூறு பனியன். ஒவ்வொன்றாகக் காந்தத்தை வைத்துத் தடவினாள். ஆறுச்சாமி வந்து கையைப் பின்னால் கட்டி நின்றார். வெளியே லாரிக்காரன் ஹாரன் அடித்தான். ஐந்து மணி ஆனது. ஐந்தரையும் ஆனது. பார்த்த பீஸையே மறுபடி பார்த்தாள். ஆறு மணி நெருங்கும்போது ஒரு கழுத்துப்பட்டியில் காந்தம் டக்கென்று ஒட்டியது. பிரித்து எடுத்த முனை மேல்துண்டோடு கச்சிதமாகப் பொருந்தியது.

யாரும் கை தட்டவில்லை. ராமுத்தாய் முதலில் நீட்டிய தடித்த முனையை எடுத்துப் பார்த்து ஆறுச்சாமி கேட்டார்: “மொதல்லயே ரெண்டு துண்டும் வந்துருச்சேம்மா. அது வேறன்னு உனக்கு எப்படித் தெரிஞ்சுது?”

தடிப்பைப் பார்த்தேன் என்றால் போதும், ஆனால் அது பாதி உண்மைதான். அவள் தன் பழைய மெஷினுக்குப் போய், பலகைக்கடியில் கையை விட்டு ஒரு டேப்பை உரித்துக் கொண்டுவந்தாள். அதில் இரண்டு முனைகள் இருந்தன.

“மூணு வச்சிருந்தேன் மொதலாளி. ஒண்ணை மூணு வருஷத்துக்கு முன்னாடி ரிஜிஸ்டர்ல ஒட்டிட்டேன். நெச மொனை எந்தப் பனியன்ல போச்சுன்னு எனக்குத் தெரியாது.” சொல்லும்போதே அழுதுவிட்டாள்.

ஆறுச்சாமி அந்த டேப்பை வாங்கி ரிஜிஸ்டர் மேல் வைத்தார். ராமுத்தாயை எல்லார் முன்னாலும் ஏசினார், ஆனால் வேலையை விட்டு நிறுத்தவில்லை. பிறகு ரிஜிஸ்டரை நாகஜோதி பக்கம் தள்ளினார்.

“மெக்கானிக் கட்டத்துல கையெழுத்துப் போடு. திங்கக்கெழமை மொத வேலை, அத்தன மெஷினுக்கும் அடியில கைய உட்டு இந்த டேப்பெல்லாம் எடுத்துட்டு வந்துரோணும். எங்கெங்க இருக்கும்னு உனக்குத்தான தெரியும்?”

நாற்பத்திரண்டு மெஷின். அத்தனையிலும் அவளோடு சோறு பகிர்ந்து தின்றவர்கள். ஞாயிறு முழுக்க அவளுக்குச் சோறு இறங்கவில்லை.

திங்கள் காலை ஸ்பேனர் பெட்டியோடு முதலில் ராமுத்தாயிடம் போய் நின்றாள். “அக்கா, கொஞ்சம் எந்திரிக்கா.”

ராமுத்தாய் எழுந்து ஒதுங்கினாள். பன்னிரண்டு வருஷமாக ‘டி’ போட்டே பேசியவள், “பாத்து எடுத்துக்கங்க, மெக்கானிக்” என்றாள்.