ஹேவாஹெட்ட பஸ்ஸில் ஒரு ஹிந்திப் பாட்டு

கண்டியிலிருந்து ஹேவாஹெட்டவுக்கு ஏறும் பஸ்ஸில், சாரதிக்கு நேர் பின்னால் உட்கார்ந்திருக்கிறேன். மழையில் ரோடு வழுக்குகிறது. இடது பக்கம் எட்டிப் பார்த்தால் தேயிலைச் சரிவு அதல பாதாளத்துக்கு இறங்குகிறது. சாரதித் தம்பி போட்டிருப்பது தமிழ்ப் பாட்டு. மேளம் அடிக்க அடிக்க அவருடைய கால் தாளம் போடுகிறது. அந்தக் கால் இருப்பதோ ஆக்சிலேட்டரில்! வளைவுக்கு வளைவு வேகம் கூடுகிறது. கதிர்காமக் கந்தா, நீதான் துணை என்று கம்பியை இறுகப் பிடித்துக்கொள்கிறேன்.

பொறுக்க முடியாமல் கேட்டுவிடுகிறேன். "தம்பி, ஹிந்திப் பாட்டு ஒன்னு போடுங்களேன். பழசா, மெதுவா."

கண்டக்டர் சிரிக்கிறார். "என்னக்கா, தமிழ்ப் பாட்டு கசக்குதா? ஹிந்தி வெளங்குமா ஒங்களுக்கு?"

"வெளங்காட்டியும் பரவாயில்லப்பா. நம்ம பாட்டு ஒடம்ப ஆட்டுது, அது மனச அமத்துது. இந்த ரோட்டுக்கு அதுதான் நல்லது."

பாட்டு மாறுகிறது. வயலின் இழைய, பஸ்ஸும் நிதானமாகிறது. அப்பாடா என்று மூச்சு விட்டு, சாரதியின் முகம் தெரியும் கண்ணாடியைப் பார்க்கிறேன். சாரதி உருகிப்போய்க் கூடவே பாடுகிறார். இழுத்துப் பாடும் இடத்தில் அவருடைய இரண்டு கண்களும் மூடியிருக்கின்றன. எதிரே அடுத்த வளைவு.

"தம்பி! பாட்டே வேணாம்!" என்று அலறுகிறேன். பஸ் முழுக்க என்னோடு அலறுகிறது. அவர் திடுக்கிட்டு வளைவில் பஸ்ஸை ஒடித்துத் திருப்பிவிட்டு, பாட்டை நிறுத்துகிறார்.

இப்போது கண்டக்டர் முகத்தில் சிரிப்பில்லை. "அக்கா, ஒங்களுக்குத் தேவாரம் தெரியுமா?" என்கிறார். கம்பியை விடாமலே பாடத் தொடங்குகிறேன்.