குலுக்கையைத் தட்டிப் பார்த்தார்கள்

மாப்பிள்ளை கறுப்பா சிவப்பா என்று நான் கேட்கவே இல்லை. "அவுக கெணத்துல தண்ணி கெடக்கா?" என்றுதான் கேட்டேன். அறுபதுகளின் தொடக்கம் அது. ரெட்டியார்சத்திரம் பக்கம் எங்களுக்கு இருந்தது வானம் பார்த்த பூமி. இரண்டு வருசமாக மழை ஏமாற்றியதில் கஞ்சிக்கே இழுபறி. மாப்பிள்ளை வீடு தொப்பம்பட்டிப் பக்கம், கிணற்றுப் பாசனம், மூன்று வேளையும் அடுப்பு எரியும் என்று தரகர் சொன்னதும், இன்றைக்கே கூட்டிக்கொண்டு போனாலும் சரி என்று இருந்தேன்.

ஆனால் பெண் பார்க்க வருகிறவர்கள் பெண்ணை மட்டுமா பார்ப்பார்கள்? உள்ளே ஆள் உயரத்துக்கு நிற்கும் மண் குலுக்கையையும் தட்டிப் பார்ப்பார்கள். தானியம் இருந்தால் 'தொப்' என்று கேட்கும். எங்களுடையது 'டங்' என்று ஊருக்கே சொல்லும். அம்மா கடலைத்தொலியை அள்ளிக் கொட்டி நிரப்பினாள். அப்போதும் 'டங்'. செம்மண்ணைக் கலந்து கொட்டிவிட்டு, அப்பாவைக் கூப்பிட்டுத் தட்டிக் காட்டினாள்.

"இப்ப எப்படிக் கேக்குது?"

"சோளமாட்டம்தான் இருக்கு," என்றார் அப்பா, வாயில் எச்சில் ஊற.

மேலே பரப்புவதற்குப் பக்கத்து வீட்டு மதினியிடம் கொஞ்சம் சோளம் இரவல் வாங்கினோம். அந்த மகராசி கொடுத்ததோடு நிற்காமல் தானும் வந்து குலுக்கையடியில் சம்மணம் போட்டுவிட்டாள். "எஞ் சோளம் எங் கண்ணு முன்னால இருக்கணும்ல!"

வந்தவர்களில் ஆண்கள் வெளியே உட்கார, மாப்பிள்ளையின் அத்தை மட்டும் உள்ளே வந்தாள். என்னை ஒரு பார்வை, அவ்வளவுதான். நேரே குலுக்கைக்குப் போனாள்.

"ஏனுங்க, அத்தனையும் சோளந்தானுங்களா?"

"பின்னே? போட எடமில்லாமக் கெடக்கு," என்றாள் அம்மா.

அத்தை தட்டினாள். 'தொப்'. மூடியைத் தூக்கிப் பார்த்தாள். "முத்து முத்தா இருக்குல்ல?" என்று மதினி தன் சோளத்தைத் தானே மெச்சிக்கொண்டாள். எங்களுக்கு மூச்சு வந்தது. வந்த மூச்சு நிலைப்பதற்குள், தானியம் எடுக்க அடியில் இருக்கும் ஓட்டையிலிருந்து துணி அடைப்பை அத்தை உருவிவிட்டாள். மண்ணும் தொலியுமாக அவள் காலில் கொட்டியது.

போச்சு, என் மூன்று வேளைச் சோறும் போச்சு என்று அழுகை முட்டியது. அத்தை நிதானமாக அடைப்பைத் திரும்பத் திணித்தாள். வாசலைப் பார்த்து, "நெறைய இருக்குதுங்க! வெத்தலையை மாத்துங்க!" என்று கத்தினாள். பிறகு என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள்.

"எங்கூட்டுல கெணறு இருக்குது கண்ணு. தண்ணிதான் இல்லை. வெதைக்கு வெச்சிருந்ததையும் தின்னுபோட்டோம்." அம்மாவிடம் திரும்பினாள். "பொண்ணோட கொஞ்சம் வெதைச் சோளம் கேக்கலாம்னுதான் வந்தமுங்க. நகை நட்டெல்லாம் வேண்டாமுங்க."

எனக்கு வந்ததே கோபம்! "எங்க வீட்டுப் பசியை விட்டுட்டு உங்க வீட்டுப் பசிக்கு வரவா?" என்று கேட்டுவிட்டேன். அம்மா என் தொடையைக் கிள்ளினாள்.

அத்தை சிரித்தாள். "இந்த வாய் இருந்தாப் பொழச்சுக்குவ கண்ணு. எனக்குப் புடிச்சிருக்குது."

அம்மா எழுந்தாள். மூலையில் அடுக்கியிருந்த பானைகளை ஒவ்வொன்றாக இறக்கினாள். கடைசிப் பானையின் வாய் சாணி பூசி மூடியிருந்தது. உடைத்தாள். உள்ளே சாம்பலில் புரட்டிய விதைச் சோளம். நாங்கள் பச்சைத் தண்ணீரைக் குடித்துவிட்டுச் சுருண்டு படுத்தபோதெல்லாம் அது அங்கேதான் இருந்திருக்கிறது! அப்பாவுக்கும் தெரியாது. பாதியை அத்தையின் மடியில் கொட்டினாள். மீதியை மறுபடி மூடினாள்.

அவர்கள் வந்த வண்டி தெருவைத் தாண்டிய பிறகுதான் அம்மாவுக்கு அழுகை வந்தது. "பாவி மக, நகை கேட்டிருந்தா இல்லைன்னு சொல்லியிருப்பேன். இருந்த ஒண்ணைக் கேட்டுப்புட்டாளே!"